வேலந்தாவளத்தில் இடித்தால் எந்த ஸ்டேஷன்? கார் விபத்து இன்சூரன்ஸ், முதல் தடவை கேட்பவர்களுக்கு

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து கார் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மாநிலம் மாறித் தமிழ்நாடு வந்துவிடும். வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை, கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். பெண் கொடுத்தது அங்கே, தென்னந்தோப்பு இங்கே. நம் காரில் கேஎல் 70 நம்பர் இருக்கும், எதிரே வந்த வண்டியில் டிஎன் 41 இருக்கும். அதனால்தான் புதிதாகக் கார் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, கேரளா இன்சூரன்ஸ் தமிழ்நாட்டில் செல்லுமா?"

செல்லும். கேரளா இன்சூரன்ஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. பாலிசி இந்தியா முழுவதற்கும் பொருந்தும். பாலக்காட்டில் போட்ட பாலிசியை வைத்துக் கோவை ஒர்க்‌ஷாப்பில் க்ளெய்ம் செய்யலாம், அங்கே போட்டதை இங்கேயும் செய்யலாம். மாநில எல்லையால் மாறுவது போலீஸ் ஸ்டேஷன் மட்டும்தான். விபத்து எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததோ அங்கேதான் புகார். கார் எந்த மாநில நம்பர், ஓட்டியவர் எந்த ஊர் என்பதெல்லாம் அதில் வராது.

எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் நிறையப் பேருக்கு க்ளெய்ம் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்த க்ளெய்ம் ஒன்றைக் கோட்டைவிட்டும் இருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன். பணம் மறுக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலும் காரணம் சேதத்தில் இல்லை, முதலில் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. புதியவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் போதும்.

இடிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது

இன்றைக்கே பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அதில் எந்த வகை என்று எழுதியிருக்கும். வெறும் தேர்டு பார்ட்டி என்றால், நம் காரால் அடுத்தவருக்கு வந்த காயம், மரணம், பொருள் சேதம் இவற்றுக்கு மட்டும்தான் பணம். நம் கார் நொறுங்கினால் ஒரு ரூபாய்கூட வராது. நம் காருக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஓன் டேமேஜ் பகுதி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததைத்தான் பேக்கேஜ், காம்ப்ரிஹென்சிவ், ஃபுல் இன்சூரன்ஸ் என்று பல பெயரில் சொல்கிறார்கள். கூட உட்கார்ந்து வருபவர்களுக்கும் இந்த பேக்கேஜ் பாலிசியில்தான் பாதுகாப்பு. வெறும் தேர்டு பார்ட்டி போட்டுவிட்டுக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, தேதி. இதில்தான் புதுக் கார்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்கும் புதுக் கார்களுக்கு 3 வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று வருடம் தேர்டு பார்ட்டிக்கு. ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பாலிசியில் இரண்டுக்கும் தனித்தனியாக முடியும் தேதி போட்டிருக்கும். இரண்டையும் பாருங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. எல்லைப் பகுதியில் கோவை, பொள்ளாச்சி வண்டிகளை இந்தப் பக்கம் வாங்குவது சகஜம். ஆர்சியில் பெயர் மாற்றிவிட்டு இன்சூரன்ஸை அப்படியே விட்டுவிடுவார்கள். தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி வாங்கியவர் பெயருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி நம் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்சி ஒரு பெயரிலும் பாலிசி இன்னொரு பெயரிலும் இருந்து, நடுவில் கார் இடித்தால், பழைய ஓனரைத் தேடி அலைந்தும் பயனில்லாமல் போகும்.

சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டுவதும் ஆபத்து. சபரிமலை சீசனில் தெரிந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு எருமேலி, பம்பை என்று கூட்டிப்போகிறார்கள். வழியில் ஏதாவது ஆகி, காசு வாங்கியது தெரிந்தால், ஓன் டேமேஜ் க்ளெய்ம் அங்கேயே நின்றுவிடும். குடித்துவிட்டு ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலும் அப்படித்தான்.

இடித்த இடத்தில்

முதலில் ஆட்கள், அப்புறம்தான் கார். காயம் பட்டவர் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108 தான். போலீஸுக்கு 112. வாளையாறு நெடுஞ்சாலையில் என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. எல்லையில் நின்று போன் செய்தால் சில சமயம் டவர் மாறி அடுத்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். அதனால் எடுத்தவுடன் ஊர் பெயரையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்குச் சில கடமைகளைச் சொல்கிறது. காயம் பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வருகிற நிலைமையில் அங்கே நிற்க முடியாது என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அப்படி நேர்ந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பதுங்கினால் அதையே பின்னால் ஓடிப்போனதாக எழுதிவிடுவார்கள்.

ஆள் சேதம் இல்லையென்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன் போனை எடுங்கள். இரண்டு வண்டியும் ரோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் படம். அப்புறம் இரண்டு நம்பர் பிளேட். அப்புறம் சேதம் கிட்டத்தில். பக்கத்தில் உள்ள கடைப் பலகை, மைல்கல், ஏதாவது இடத்தைக் காட்டும் ஒன்று. எதிரே ஓட்டியவரின் பெயர், போன் நம்பர், லைசென்ஸ். அவர் பாலிசியைக் காட்ட மறுத்தாலும் கவலை இல்லை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியும் முடியும் தேதியும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் கூடி, "ரெண்டாயிரம் வாங்கிட்டு விடுங்க, ஸ்டேஷன் கீஸ்டேஷன்னு எதுக்கு" என்று முடித்து வைப்பது. வெறும் கீறல் என்றால் சரி. முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் வெளியே தெரியாமல் உள்ளே ரேடியேட்டர், கிராஸ் மெம்பர் என்று போயிருக்கும். காசை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு க்ளெய்மில் அந்தத் தாளை நமக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். ஒப்புக்கொண்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், எழுதியும் வாங்காதீர்கள்.

ஜிடி என்ட்ரியா, சிஎஸ்ஆரா?

எல்லையின் இரண்டு பக்கமும் பேச்சு மாறுவது இங்கேதான். கேரள ஸ்டேஷனில் இன்சூரன்ஸுக்கு என்று கேட்டால் ஜிடி என்ட்ரி தருவார்கள். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் நடந்ததைப் பதிந்து, அதன் நகலைத் தருவது. கேரள போலீஸின் துணா இணையதளத்திலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் போய் ஜிடி என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே புகார் கொடுத்தவுடன் தருவது சிஎஸ்ஆர் ரசீது. இரண்டும் எஃப்ஐஆர் இல்லை. யாருக்காவது காயம், மரணம், அல்லது கார் திருட்டு என்றால் எஃப்ஐஆர் கட்டாயம் வேண்டும். நம் கார் மட்டும் சுவரிலோ மரத்திலோ உரசியது என்றால் நிறையக் கம்பெனிகள் போலீஸ் தாளே கேட்பதில்லை. ஆனாலும் இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தூர் தாலுகாவில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தடுமாறுவார்கள். ஸ்டேஷனில் எழுதித் தருவது மலையாளத்தில். "சாரே, ஒந்நு வாயிச்சு தரணே" என்று கேளுங்கள், படித்துக் காட்டுவார்கள். யார் ஓட்டியது, எந்தத் திசையில் இருந்து வந்தது, எத்தனை மணி, இந்த மூன்றையும் காதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத, 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமை இருப்பது தெரியாமலேயே தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கம்பெனிக்குச் சொல்வதும் சர்வேயர் வருவதும்

பாலிசியில் கட்டணமில்லா எண் இருக்கும். அன்றைக்கே கூப்பிடுங்கள். க்ளெய்ம் நம்பர் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரை ஓட்ட முடியாது என்றால் டோயிங் வண்டியையும் அவர்களிடமே கேளுங்கள், பல பாலிசிகளில் அது சேர்ந்தே இருக்கும். ரேடியேட்டர் ஒழுகுகிற காரை "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டினால் இன்ஜின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். அந்த இன்ஜின் செலவை விபத்துக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். மழை வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் அப்படித்தான். தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் பிடித்தால், அதற்கென்று தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, பணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீரில் நின்ற காரில் சாவியே போடாதீர்கள்.

காரை ஒர்க்‌ஷாப்பில் விட்ட பிறகு, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்ற விடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் விட்ட சுற்றறிக்கைப்படி, க்ளெய்ம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சின்னச் சேதத்துக்குப் போட்டோ, வீடியோவை வைத்தே முடித்துவிடுவதும் உண்டு.

சர்வேயர் என்ன பார்க்கிறார் என்பதை நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று கவனித்தேன். விடியற்காலையில் சித்தூரில் இருந்து கள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஒன்று வண்ணாமடை வளைவில் என் காரின் இடது முனையில் உரசியிருந்தது. வந்தவர் முதலில் குனிந்து, பம்பரில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் தரையில் இருந்து அடிபட்ட இடம் வரை டேப் வைத்து அளந்தார். ஜீப்பின் பம்பர் அந்த உயரத்தில் வருமா என்று பார்க்கத்தான். பிறகு பின் கதவுக்கு வந்து, "இது துருப் பிடிச்சிருக்கே சார், பழசுதானே?" என்றார். பழசுதான். ஆமாம் என்றேன். அதை விட்டுவிட்டு மீதியை எழுதிக்கொண்டார். பழைய அடியையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். துருவும் தூசியும் சர்வேயருக்குச் சொல்லிவிடும். ஒன்றைப் பொய் என்று கண்டால் உண்மையையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

நான் கோட்டைவிட்டது

பழைய காரில் நடந்தது இது. என் மச்சினன் காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி போய்விட்டு வரும்போது மீனாட்சிபுரம் பக்கம் ஒரு புளியமரத்தில் இடித்துவிட்டான். நெற்றியில் மூன்று தையல். லைசென்ஸ் இருந்தது, குடிக்கவில்லை, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், "அண்ணா, ஓனர் ஓட்டினாத்தான் பாஸ் ஆகும், உங்க பேரையே போட்டுருங்க" என்றார். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் "கார் ஓட்டும்போது மரத்தில் மோதி" என்று மச்சினன் பெயர் இருந்தது. கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய்த் தகவல் என்று சொல்லி முழு க்ளெய்மையும் மறுத்தார்கள். அறுபதாயிரத்துச் சொச்சம் கையில் இருந்து கட்டினேன்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது என்ன தெரியுமா? உண்மையைச் சொல்லியிருந்தாலே பணம் வந்திருக்கும். உரிய லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும், ஓனர் அனுமதியோடு ஓட்டினால், ஓன் டேமேஜ் செல்லும். ஓனர்தான் ஓட்டியிருக்க வேண்டும் என்பது 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு மட்டும். அது ஓனர்-டிரைவருக்கென்று தனியாக உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சரியான க்ளெய்மைப் பொய்யாக்கிவிட்டோம்.

அதனால் தாள்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஆஸ்பத்திரிச் சீட்டு, ஜிடி அல்லது சிஎஸ்ஆர், போனில் சொன்னது, க்ளெய்ம் படிவம். நான்கிலும் ஓட்டியவர், நேரம், இடம், நடந்தது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தை ஒர்க்‌ஷாப்பில் நிரப்பித் தருவார்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். "எப்படி நடந்தது" என்ற கட்டத்தை நீங்களே எழுதுங்கள். நான்கு வரி போதும். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம்.

பில் 41,500, கையில் இருந்து எவ்வளவு?

ஃபுல் இன்சூரன்ஸ் என்ற பெயரைக் கேட்டு முழுப் பணமும் வரும் என்று நினைத்துவிட்டுக் கடைசியில் ஒர்க்‌ஷாப் கவுன்டரில் சண்டை போடுகிறவர்கள் அதிகம். தேய்மானக் கழிவு என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்குப் பாதி கழியும். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து: முதல் 6 மாதம் இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், 2 வருடம் வரை 10, 3 வருடம் வரை 15, 4 வருடம் வரை 25, 5 வருடம் வரை 35, 10 வருடம் வரை 40, அதற்கு மேல் 50.

நாலரை வயது ஆன, 1200 சிசி கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் பம்பர் 6,000, ஹெட்லைட் 5,000, பானட் 9,000, முன் கண்ணாடி 6,500, கூலி 7,000, பெயின்டிங் 8,000. மொத்தம் 41,500. ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பம்பர் பிளாஸ்டிக், பாதி போய் 3,000 கழிவு. ஹெட்லைட்டும் இப்போதெல்லாம் பிளாஸ்டிக் கணக்குதான், 2,500. பானட் இரும்பு, 35 சதவீதம், 3,150. கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதி, அதாவது 1,000 கழிப்பார்கள். மொத்தக் கழிவு 9,650. இதோடு கட்டாயக் கழிவு என்று ஒவ்வொரு க்ளெய்மிலும் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆக நம் கையில் இருந்து 10,650, கம்பெனி தருவது 30,850.

ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அந்த 9,650 கழியாது. பொதுவாக 1,000 மட்டும் கட்டிவிட்டு வரலாம். வருடத்துக்கு எத்தனை தடவை கேட்கலாம், டயர், பேட்டரி சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாலிசித் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட கார் என்றால் ஜீரோ டெப் எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. இப்போது கார் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக்தான் இருக்கிறது.

கேஷ்லெஸ் என்றாலும் இந்தக் கழிவு உண்டு. கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் பங்கை அவர்களே கட்டுவார்கள், நம் பங்கை நாம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

க்ளெய்மே வேண்டாம் என்கிற இடம்

க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கு என்சிபி என்று தள்ளுபடி கிடைக்கும். 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருடத்தில் ஏறும். ஒரு க்ளெய்ம் எடுத்தால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான்.

ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 என்று வையுங்கள். 50 சதவீதத்தில் இருப்பவர் 3,000 கட்டுகிறார். ஒரு க்ளெய்முக்குப் பிறகு முதல் வருடம் 3,000 கூடுதல், அடுத்து 1,800, 1,500, 900, 300. பிரீமியம் மாறாமல் இருந்தால்கூட மொத்தம் 7,500 போகிறது. ஆக, வீட்டு கேட்டில் உரசிய ஐயாயிரம் ரூபாய்க் கீறலுக்கு க்ளெய்ம் எடுப்பது நஷ்டம். பேசாமல் சொந்தக் காசில் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தத் தள்ளுபடி போய்விடும்.

இன்னொன்று. தவறு எதிரே வந்த வண்டிக்காரர்மீது இருந்தாலும், நம் காரை அவருடைய இன்சூரன்ஸில் ஒர்க்‌ஷாப்பிலேயே சரி செய்ய முடியாது. நம் ஓன் டேமேஜில் செய்துகொள்ள வேண்டும், அல்லது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நியாயமாகத் தெரியாது, ஆனால் நடைமுறை இதுதான்.

கார் தேறாது என்றால்: பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுப்பார்கள். ஐடிவி என்பது பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பு. பிரீமியம் குறையும் என்று அதைக் குறைத்துப் போட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் வலிக்கும்.

ஆளுக்கு அடி பட்டிருந்தால்

இது சர்வேயர், ஒர்க்‌ஷாப் விஷயம் இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவுப்படி விபத்து நடந்த இடத்திலும் மனுப் போடலாம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ போடலாம், எதிர்த்தரப்பு குடியிருக்கும் இடத்திலும் போடலாம். கஞ்சிக்கோட்டில் அடிபட்ட கோவைக்காரர் கோவையிலேயே வழக்கு நடத்தலாம். கோவையில் அடிபட்ட கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டில் நடத்தலாம். மலையாளத்தில் உள்ள போலீஸ் தாள்களுக்கு மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அதை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு 6 மாதக் கெடு வந்திருக்கிறது. கெடுவை எதிர்த்து வழக்குகள் இருக்கின்றன, அதனால் தாண்டிவிட்டாலும் வக்கீலைப் பார்க்காமல் கைவிட வேண்டாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்களும் நகல் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சான்று, ஆஸ்பத்திரி பில் ஒவ்வொன்றும், ஊனச் சான்று, இவற்றைப் பத்திரமாக வையுங்கள். கூலி வேலை, தோப்பு வேலை செய்கிறவர்கள் வருமானத்துக்குத் தாள் இல்லை என்று மனுவே போடாமல் விடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். தாள் இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் ஒரு வருமானத்தை மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளும்.

யார் தவறு என்று நிரூபிக்க முடியாவிட்டால் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் அரசுத் திட்டத்தில் உண்டு. 2025 மே முதல், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாள் வரை, 1.5 லட்ச ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. வம்பு வரும் என்று பயந்து யாரையும் ரோட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

மறுத்தால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பிறகு அதே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கேரளத்துக்கு அலுவலகம் கொச்சியில், தமிழ்நாட்டுக்குச் சென்னையில். நீங்கள் குடியிருக்கும் இடம், அல்லது பாலிசி தந்த கிளை இருக்கும் இடம், இதில் எதை வைத்தும் போகலாம். 50 லட்சம் வரையிலான க்ளெய்மைப் பார்ப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ நடந்துகொண்டிருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒருவருக்கு லைசென்ஸ் இல்லை என்று மறுத்திருந்தார்கள். உண்மையில் லைசென்ஸ் இருந்தது, படிவத்தில் நம்பரில் ஓர் எண் மாறியிருந்தது. மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அது தெரிந்தது. லைசென்ஸ் நகலையும் ஒரு பக்கக் கடிதத்தையும் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினோம். ஆம்பட்ஸ்மேன் வரை போக வேண்டி வரவில்லை, பதினெட்டாம் நாள் பணம் வந்துவிட்டது.